மலை ரேடியோவில் எனக்கு மட்டும் கேட்காத கீச்சு

பாய் போட்ட போன்

“சார், இன்னா உங்க ரேடியோ ஒரே கீச்சுனு கத்துது? பாட்டே கேக்க முடில. காதுல ஊசி வுட்டு கொடையற மாதிரி கீது.”

காலை ஏழு மணிக்கு இந்த போன். பேசியவர் பஷீர் பாய். வாணியம்பாடிக்காரர். ஜவ்வாது மலையில் சாமை, தேன், புளி என்று சீசனுக்குத் தகுந்தாற்போல் வாங்கி மினி லாரியில் இறக்கிக்கொண்டு போவார். மலை ஏறியதும் எங்கள் ரேடியோவைப் போட்டால் இறங்கும்வரை அணைக்க மாட்டார். எங்களுக்குப் பெரிய ரசிகர் என்றெல்லாம் நினைக்க வேண்டாம். மலையில் வேறு எதுவும் சரியாக எடுக்காது.

நான் அந்த ரேடியோவின் டெக்னீஷியன். ஒரு தொண்டு நிறுவனம் மலைமேல் நடத்திய சமுதாய வானொலி அது. இரண்டு அறை, ஒரு டவர், கூரைமேல் சோலார் பேனல். பின்பக்கம் ஒட்டினாற்போல் எனக்கு ஓர் அறை. கலசப்பாக்கத்தில் சொந்த வீடு இருந்தது. மனைவி இறந்த பிறகு அதைப் பூட்டிவிட்டு, வேலூரில் பார்த்துக்கொண்டிருந்த ஆம்ப்ளிஃபயர் சர்வீஸ் வேலையையும் விட்டுவிட்டு மலை ஏறிவிட்டேன். பிள்ளைகள் இல்லை. இது நடக்கும்போது வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

காலையில் நான்கு மணி நேரம், சாயங்காலம் மூன்று மணி நேரம் ஒலிபரப்பு. மைக்கில் பேச மல்லிகா இருந்தாள். மலைக்காரப் பெண், பக்கத்து ஊர், இரண்டு குழந்தைகளுக்குத் தாய். ஒலிபரப்பு முடிந்த மறு நிமிடம் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அதற்கப்புறம் ஸ்டேஷனில் நானும் மிஷின்களும்தான். ஒரு நாளைக்கு நான் பேசிய வார்த்தைகளை எண்ணினால் ஐம்பது தேறியிருக்காது.

பாய் சொன்னதும் ஸ்பீக்கர் பக்கத்தில் போய் நின்று கேட்டேன். பாட்டு சுத்தமாகப் போய்க்கொண்டிருந்தது.

“உங்க வண்டி ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்கும் பாய், மொதல்ல அத்த பாருங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன். குறை சொல்ல வருகிறவரிடமே குறையைத் திருப்பிவிடுவது சர்வீஸ்காரன் புத்தி. எனக்கு அது கொஞ்சம் அதிகம்.

இரண்டு தடவை ‘சரி பண்ணிட்டேன்’

மூன்று நாள் கழித்து திருவண்ணாமலை ஆபீசிலிருந்து எங்கள் மேலாளர் வசந்தி மேடம் கூப்பிட்டார்.

“குமரேசன் சார், நாலு ஊர்லேர்ந்து கம்ப்ளெய்ன்ட் வந்துடுச்சு. பாட்டு போறப்ப கீச்சுனு சத்தம் வருதாம். அடுத்த வாரம் சென்னைலேர்ந்து நிதி குடுக்கறவங்க பாக்க வர்றாங்க. அதுக்குள்ள சரியாவலைன்னா டெக்னிக்கல் வேலைய வெளி கம்பெனி கிட்ட குடுத்துடலாம்னு இங்க பேசறாங்க. உங்களுக்கும் வயசாவுதுல்ல? கீழ வந்து நிம்மதியா இருங்களேன் சார்.”

மேடம் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திறந்து, தூசி தட்டி, அதற்குள் உட்கார்ந்து நான் யாரோடு நிம்மதியாக இருப்பது? மலையிலாவது காலை ஆறு மணிக்கு டிரான்ஸ்மிட்டரைப் போட நான் எழுந்தாக வேண்டும். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் பல நாள் எழுந்தேன்.

“ரெண்டு நாள் குடுங்க மேடம்” என்றேன்.

பாட்டும் பதிவு நிகழ்ச்சிகளும் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டரிலிருந்து போகும். அதன் பின்னால் உள்ள பச்சை ஓட்டையிலிருந்து ஒரு கேபிள் மிக்சருக்கு, மிக்சரிலிருந்து டிரான்ஸ்மிட்டருக்கு. அந்தக் கேபிளை மாற்றினேன். கேட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. மேடத்துக்கு போன் போட்டு “சரி பண்ணிட்டேன்” என்றேன். மறுநாளே மறுபடியும் கம்ப்ளெய்ன்ட். எர்த் கம்பியைப் பிடுங்கிச் சுரண்டி, புதிதாக முறுக்கி மாட்டினேன். கேட்டேன், சுத்தம். “இப்ப பக்கா மேடம்” என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. வேலை செய்வதற்கு முன்னாலும் எனக்குச் சுத்தமாகத்தான் கேட்டது, செய்த பிறகும் அப்படித்தான் கேட்டது. ஜனங்களுக்குத்தான் வேலையில்லை என்று நினைத்துக்கொண்டேன். மல்லிகாவை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முப்பது வருடம் சத்தத்தோடு மல்லுக்கட்டியவன், மைக் பிடித்து மூன்று வருடம் ஆன பெண்ணிடம் போய் ‘உனக்கு ஏதாவது கேக்குதா’ என்று நிற்பதா? கௌரவம் விடவில்லை.

சில்வண்டு

அடுத்த நாள் காலை பாயே நேரில் வந்துவிட்டார். ஸ்டேஷன் வாசலில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ரேடியோவை மட்டும் வைத்துவிட்டு என்னைக் கைப்பிடித்து இழுத்துப்போனார்.

“வாங்க சார். எங்க வண்டி ஸ்பீக்கரு புச்சு. போன மாசம்தான் மாத்தனேன். கேளுங்க நீங்களே.”

தலையை ஜன்னலுக்குள் விட்டேன். பாட்டு வந்தது. “நல்லாதான பாய் கீது?” என்றேன்.

பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “இன்னா சார் வெளையாடறீங்க? தோ, மரத்துல சில்வண்டு கத்துது பாருங்க. அச்சு அசல் அதே மாதிரி கத்துது சார் உங்க ரேடியோ.” அவர் விரல் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த மரங்களைக் காட்டியது.

நானும் மரங்களைப் பார்த்தேன். காற்று வீசியது கேட்டது. தூரத்தில் ஏதோ ஒரு பஸ் ஹாரன் அடித்தது கேட்டது. பாட்டு கேட்டது. சில்வண்டு கேட்கவில்லை.

இரண்டு கோடையாகவே மலையில் சில்வண்டு கத்துவதில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மருந்து அடித்து அடித்துப் பூச்சிகள் ஒழிந்துவிட்டன என்று எனக்கு நானே காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அவை பாட்டுக்குக் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கின்றன.

“ஆமா பாய், இப்ப கேக்குது” என்றேன். அந்த வாரம் நான் தெரிந்தே சொன்ன முதல் பொய் அது.

பாய் போன பிறகு அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். சத்தம் சரி பார்க்கிற ஆளுக்கு உச்ச ஸ்தாயிச் சத்தம் கேட்காது என்று ஆபீசுக்குத் தெரிந்தால் வெளி கம்பெனி வரைக்கும் போக வேண்டாம், அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான். யாரிடமாவது சொல்லி அழலாம் என்றால் யாரிடம் சொல்வது? போனில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழ் வரை தள்ளிப் பார்த்தேன். சோலார் மெக்கானிக், கேஸ் சிலிண்டர், பஸ் கண்டக்டர், ஆபீஸ். போனை வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன்.

வெளிச்சத்துக்குக் காது தேவையில்லை

நிதானமாக யோசித்தபோது விஷயம் பிடிபட்டது. கம்ப்ளெய்ன்ட் ஆரம்பித்தது சோலார் இன்வெர்ட்டரை மாற்றிய வாரம். புதிய இன்வெர்ட்டரில் ஓடும்போது கம்ப்யூட்டரின் பவர் சப்ளை உள்ளே கத்துகிறது. அந்தச் சத்தம் பச்சை ஓட்டையிலிருந்து போகும் அனலாக் கேபிளின் செம்புக் கம்பி வழியாக மிக்சருக்கு ஏறிவிடுகிறது. மல்லிகா மைக்கில் பேசும்போது கம்ப்ளெய்ன்ட் இல்லை, பாட்டு போகும்போது மட்டும்தான் என்பது அதனால்தான். கம்ப்யூட்டரிலிருந்து செம்பே இல்லாமல் சத்தத்தை வெளியே கொண்டுவந்துவிட்டால் தீர்ந்தது.

அதற்கு வழி இருந்தது. கம்ப்யூட்டரின் பின்னால் சின்னக் கதவு போட்ட சதுர ஓட்டை ஒன்று உண்டு. ஆப்டிகல் டிஜிட்டல் அவுட்புட். சத்தம் அதன் வழியாகச் சிவப்பு வெளிச்சமாக வரும். கேபிள் வெறும் பிளாஸ்டிக் நார். அந்தப் பக்கம் ஒரு கன்வெர்ட்டர் பெட்டி வெளிச்சத்தை மறுபடி சத்தமாக்கி மிக்சருக்குக் கொடுக்கும். கரண்ட் தொடர்பே கிடையாது, ஆகவே கீச்சும் ஏறாது.

பாய் வாரத்தில் இரண்டு முறை வேலூர் போகிறவர். சீட்டில் எழுதிக் கொடுத்தேன், பெட்டியையும் கேபிளையும் வாங்கி வந்து கொடுத்தார்.

இந்த வழியை நான் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். வெளிச்சத்தைக் கண்ணால் பார்க்கலாம். வரும் சிக்னலைப் பிடித்துக்கொண்டதைக் காட்டும் லாக் லைட் கன்வெர்ட்டரில் பச்சையாக எரிந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். காதால் சரி பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. எனக்குக் கேட்காது என்பது யாருக்கும் தெரியாமலே கடைசி வரை ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

மூன்று நாள் மௌனம்

கேபிளை மாட்டினேன். சவுண்ட் செட்டிங்ஸில் அவுட்புட்டை டிஜிட்டல் என்று மாற்றினேன். பாட்டைப் போட்டேன். திரையில் மீட்டர் ஆடியது. கேபிளின் நுனியை உருவிப் பார்த்தால் சிவப்பு வெளிச்சம் தெரிந்தது. கன்வெர்ட்டரில் மட்டும் பச்சை வரவில்லை. ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை. எனக்கு மட்டும் கேட்காத சத்தம் என்று நினைத்துவிடாதீர்கள், இது உண்மையிலேயே ஒன்றுமில்லாத ஒன்றுமில்லை. மல்லிகாவும் “இன்னா சார், பாட்டு வர்ல?” என்று எட்டிப் பார்த்தாள்.

கேபிள் நுனியில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் தொப்பியைக் கழற்றினேனா என்று பார்த்தேன், கழற்றியிருந்தேன். கம்ப்யூட்டரில் எத்தனை சவுண்ட் கார்டு என்று பட்டியல் எடுத்தேன். இரண்டு காட்டியது. முதலாவது மானிட்டர் கேபிள் வழியாகப் போவது, இரண்டாவதுதான் நமக்கு வேண்டியது. கம்ப்யூட்டர் முதலாவதற்கே அனுப்புகிறதோ என்று இரண்டாவதை டீஃபால்ட்டாக வைத்தேன். பச்சை வரவில்லை. ஒரு நொடிச் சத்தத்தை எத்தனை துண்டாக வெட்டி அனுப்புவது என்ற கணக்கான சாம்பிள் ரேட் ஒத்துப்போகவில்லையோ என்று நாற்பத்தி நாலாயிரத்து நூறை நாற்பத்தெட்டாயிரமாக மாற்றினேன். பச்சை வரவில்லை. மலையில் இன்டர்நெட் மனது வைத்தால்தான் வரும். டவர் பக்கத்தில் போனைத் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தேன். உலகத்தில் எத்தனையோ பேர் இதே போல் லினக்ஸ் முன்னால் உட்கார்ந்து புலம்பியிருந்தார்கள். பாதிப் பேர் ‘எனக்கு வந்துவிட்டது, நன்றி’ என்று எழுதிவிட்டு எப்படி வந்தது என்று சொல்லாமல் போயிருந்தார்கள். அவர்கள் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

பழைய கேபிளை மறுபடி மாட்டினால் கீச்சு வரும். அதனால் மூன்று நாளும் பாட்டே இல்லை. மல்லிகா காலையும் மாலையும் மைக்கில் பேசியே ஓட்டினாள். மூன்றாம் நாள் தொண்டை கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

“இனிமே பேசறதுக்கு ஒன்னும் இல்ல சார். எங்க வூட்டு கோழி அடைகாக்கற கதை வரைக்கும் சொல்லிட்டேன்.”

சென்னைக்காரர்கள் வர இரண்டு நாள்தான் பாக்கி.

கோடு இல்லாத பெட்டி

அன்று மதியம் அல்சா மிக்சர் என்ற கருப்புத் திரையைத் திறந்தேன். லினக்ஸில் சவுண்ட் கார்டின் அடிமட்டத் திரை அது. ஒவ்வொரு சேனலுக்கும் செங்குத்தாக ஒரு கோடு, ஏற்றலாம் இறக்கலாம். கார்டை மாற்றி, அம்புக் குறியால் வலது பக்கம் போய்க்கொண்டே இருந்தேன். கோடுகள் எல்லாம் முடிந்து கடைசி ஓரத்தில் ஒரு குட்டிப் பெட்டி. அதற்குக் கோடே இல்லை. பெட்டிக்குள் இரண்டு எம் எழுத்து. பெயர் எஸ்.பி.டி.ஐ.எஃப். டிஜிட்டல் அவுட்புட்டுக்குத் தொழிலில் உள்ள பெயர். இரண்டு எம் என்றால் மியூட், வாய் மூடி வைத்திருக்கிறது என்று அர்த்தம். சிவப்பு வெளிச்சம் மட்டும் எரிந்திருக்கிறது, அதில் சத்தம் போகவில்லை.

கீபோர்டில் எம் பட்டனை ஒருமுறை தட்டினேன். இரண்டு எம்மும் இரண்டு சுழியாக மாறின. கன்வெர்ட்டரில் பச்சை வந்தது. ஸ்பீக்கரில் பாட்டு வந்து விழுந்தது.

அதை மியூட் செய்தது யார் தெரியுமா? நான்தான். மேடை ஆம்ப்ளிஃபயர் வேலை பார்த்த எவனுக்கும் ஒரு பழக்கம் உண்டு. பயன்படாத சேனல் எல்லாவற்றையும் மூடி வை, இல்லாவிட்டால் தேவையில்லாத இரைச்சல் சேரும். இந்தக் கம்ப்யூட்டரை முதன்முதலில் போட்டபோது அதே திரையில் கோடு இல்லாத அந்தப் பெட்டியைப் பார்த்து, கூட்டவும் குறைக்கவும் முடியாத இது எதற்கு என்று மியூட் செய்து சேமித்தும் வைத்திருந்தேன். ஒவ்வொரு முறை கம்ப்யூட்டரைப் போடும்போதும் அது என் உத்தரவை ஒழுங்காக நிறைவேற்றிக்கொண்டிருந்தது. எந்த இன்டர்நெட்டும் இதைச் சொல்லியிருக்காது. இந்த முறை பெட்டியைத் திறந்த நிலையிலேயே சேமித்தேன்.

மல்லிகாவின் கை

பச்சை விளக்கு எரிந்தது. என் கணக்குப்படி வேலை முடிந்தது. மேடத்தின் நம்பரையும் அழுத்திவிட்டேன். ரிங் போவதற்குள் வெட்டினேன்.

கீச்சு போய்விட்டதா என்று எனக்கு எப்படித் தெரியும்? பச்சை விளக்கு அதைச் சொல்லாது. இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் இரண்டு தடவை சரியாகிவிட்டது என்று சொன்னேன். மூன்றாவது தடவையும் அதே செவிட்டுக் காதோடு சொல்லப் போகிறேன். சென்னைக்காரர்கள் வந்து நிற்கும்போது கீச்சு கத்தினால்?

சாயங்கால ஒலிபரப்புக்கு மல்லிகா வந்தாள். வந்ததும் ஹெட்போனை நீட்டினேன்.

“இத்த மாட்டிக்கோம்மா. அந்தக் கீச்சு இன்னும் கீதா பாரு.”

மாட்டிக் கேட்டாள். “இல்ல சார். சுத்தமா போய்டுச்சு.”

“அப்ப இத்தினி நாளா உனக்குக் கேட்டுதா?”

“கேட்டுது சார்.”

“ஏன் சொல்லல?”

அவள் ஹெட்போன் ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றாள். “நீங்க பக்கத்துலயே ஒக்காந்துனு இருந்தீங்க. உங்களுக்குக் கேக்கலன்னு எனக்குத் தெரிஞ்சி போச்சு. அத்த எப்டி சார் நான் சொல்றது?”

எனக்குச் சுருக்கென்றது. கோபப்படலாம் என்று பார்த்தேன், கோபம் வரவில்லை. கம்ப்யூட்டரில் டோன் ஜெனரேட்டரைத் திறந்தேன். குறிப்பிட்ட உயரத்தில் ஒரே ஒரு சத்தத்தை விடுகிற சாஃப்ட்வேர் அது. அவளை எதிரே உட்கார வைத்தேன். “சத்தம் கேக்கற வரைக்கும் கையத் தூக்கியே வச்சிரு, நின்னுட்டா எறக்கு” என்றேன். நானும் ஒரு கையைத் தூக்கிக்கொண்டேன்.

ஆயிரம் ஹெர்ட்ஸில் ஆரம்பித்தேன். இரண்டு கையும் மேலே. இரண்டாயிரம், மூன்றாயிரம். நாலாயிரத்தைத் தாண்டியதும் சத்தம் மெலிந்தது, மெலிந்து எங்கோ போயேவிட்டது. என் கையை இறக்கினேன். மல்லிகாவின் கை மேலேயே இருந்தது. ஐயாயிரம், ஆறாயிரம். திரையில் மீட்டர் ஆடியது. எனக்கு அறை அமைதியாக இருந்தது.

“தோ, இதான் சார் அந்தக் கீச்சு!” என்றாள். திரையைப் பார்த்தேன், எட்டாயிரத்துக்குப் பக்கம். அதற்கு மேலும் ஏற்றினேன். பத்தாயிரம், பன்னிரண்டாயிரம். அவள் கை இறங்கவே இல்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு, என்னைப் பார்க்க மனசில்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டு, கையை மட்டும் நேராகத் தூக்கி வைத்திருந்தாள்.

அவள் எதிரிலேயே மேடத்துக்கு போன் போட்டேன். “கீச்சு போய்டுச்சு மேடம். போய்டுச்சுன்னு சொல்றது மல்லிகா, நானில்ல. எனக்கு அந்தச் சத்தம் கேக்கறதே இல்ல. முன்ன ரெண்டு தடவ சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன்.”

மேடம் “எத்தினி நாளா சார்?” என்றார்.

“அதுவும் தெரியாதுங்க.”

சென்னைக்காரர்கள் வந்தார்கள், பாட்டைக் கேட்டார்கள், டீ குடித்துவிட்டுப் போனார்கள். நிறுவனம் என்னை அனுப்பவில்லை. தினமும் ஒலிபரப்புக்கு முன் மல்லிகா ஹெட்போனில் கேட்டுச் சரி சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் நான் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. அப்படியே இன்னும் இரண்டு வருடம் அங்கே வேலை பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன்.

காது டாக்டர் கேட்டது

மேடம் வற்புறுத்தி வேலூரில் காது டாக்டரிடம் அனுப்பினார். சின்ன வயதுப் பெண் டாக்டர். டெஸ்ட் எடுத்து, படத்தைக் காட்டி, காதுக்கு மிஷின் வைக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. போகிற போக்கில் அவர் ஒன்று கேட்டார்.

“இது ரொம்ப நாளா கொஞ்சம் கொஞ்சமா கொறைஞ்சிருக்குங்க. டிவி சத்தமா வைக்கறீங்க, கூப்ட்டா திரும்பறதில்லன்னு வூட்ல யாருமே சொல்லலையா?”

எல்லா நோயாளியையும் கேட்கிற கேள்விதான். காது மந்தமாவது வீட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் முதலில் தெரியுமாம். என் மனைவி இருந்திருந்தால் முதல் வாரமே ‘காது இன்னா அடைச்சினு கீதா உனக்கு’ என்று கத்தியிருப்பாள். ஆறு வருடமாக என்னை யாரும் திட்டவில்லை. அதை நான் நிம்மதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“வூட்ல நான் மட்டுந்தாங்க” என்றேன். டாக்டர் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டார்.

இப்போது இப்படித் தனி ஸ்டேஷனுக்கு டெக்னீஷியனாகப் போகிற இளம் பிள்ளைகள் எல்லாம் என்னிடம் அல்சா மிக்சரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கடைசி ஓரம் வரை போய்ப் பாருங்கள், கோடு இல்லாத பெட்டி இருந்தால் எம் தட்டுங்கள், சேமியுங்கள். அது ஐந்து நிமிட வேலை. நான் சொல்ல வந்தது வேறு. ‘சரி பண்ணிட்டேன்’ என்று சொல்வதற்கு முன்னால் பக்கத்தில் இருக்கிற யாரையாவது கேளுங்கள், உனக்கு எப்படிக் கேட்கிறது என்று. பக்கத்தில் யாரும் இல்லை என்றால் முதலில் ஒரு ஆளைத் தேடுங்கள். வேலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.